திமிங்கிலத்தின் மூச்சுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

வடகரை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நோர்வேயின் அண்டெனெஸ் துறையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். திமிங்கிலம் மேலே வந்து மூச்சு விடும்போது வெள்ளையாக எழும்புகிறதே, ப்ளோ என்பார்கள், அதற்குத்தான் சொல் இல்லாமல் நிற்கிறேன். 'நீரூற்று' வேண்டாம். அது தண்ணீர் பீச்சுவது அல்ல. சூடான ஈர மூச்சு குளிர்காற்றில் பட்டுப் புகைபோலத் தெரிவது.

பழஞ்சுவடி எழுதியது:
சொல் ஏற்கெனவே இருக்கிறது: வெய்துயிர்ப்பு. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். அகப்பாடல்களில் பிரிவால் வாடுவோர் வெய்துயிர்ப்பார்கள். வெப்பமான மூச்சு, எதிரே வாடைக்காற்று. இதைவிடப் பொருத்தமாக எவர் செய்து தர முடியும்? மூச்சுத் துளைக்குத் 'தூம்பு' போதும். யானையின் கையைத் தூம்புடையது என்று புறநானூறு சொல்கிறது.

நெய்தலான் எழுதியது:
ஐயா, பிரிவு என்றதும் நினைவு வந்தது. அண்டெனெஸ் பக்கம் வரும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் எல்லாம் ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடும். கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் அங்கே கணவாய் கிடைக்கிறது. ஆண்கள் அதற்காக வடக்கே வருகின்றன. அச்சு அசல் பொருள்வயிற் பிரிவு, பொருள் தேடித் தலைவன் பிரிந்து போவது! 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை', அதாவது கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியர் சொன்னது திமிங்கிலத்துக்கும் பொருந்திவிட்டது.

பழஞ்சுவடி எழுதியது:
அந்த நூற்பாவின் உரையில் இருக்கும் சிக்கலை நீங்கள் கவனிக்கவில்லை. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கலவன் எழுதியது:
தனி மடலிலேயே இருக்கட்டும், நன்றி. நான் அந்தப் படகில் போனவன், நடைமுறையைச் சொல்கிறேன். படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாக வைத்து, 'இரண்டு மணித் திசையில்!' என்று வழிகாட்டி கத்துவார். தடித்த குளிருடையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குக் காற்றின் இரைச்சலில் பாதி கேட்காது. அங்கே போய் வெய்துயிர்ப்பு என்று கூவி முடிப்பதற்குள் காற்று அந்த மூச்சையே கலைத்துவிட்டிருக்கும். சொல் இரண்டு எழுத்தில் இருக்க வேண்டும். 'ஆவி' என்று வையுங்கள். நீராவியும் ஆவி, மூச்சும் ஆவி.

வடகரை எழுதியது:
பிள்ளைகள் ஆவி, ஆவி என்று கத்தினால் மற்றவர்கள் பேயைத் தேடுவார்களே! அப்புறம் இன்னொன்று. காற்று கூடினால் அலைத்தலையில் உடையும் வெண்ணுரையும் தூரத்தில் இதைப் போலவே தெரியும். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

பழஞ்சுவடி எழுதியது:
வெண்டலைப் புணரி. சங்கச் சொல்.

கலவன் எழுதியது:
இதற்கு மறுப்பே இல்லை. படகின் முன்முனைக்கு 'அணியம்' என்று எழுதுங்கள், மீனவர் வழக்கு. ஆனால் குளிர்காற்றுக்கு 'வாடை' வேண்டாம். திமிங்கில மூச்சு அழுகிய மீன்போல நாறும். 'வாடை வீசியது' என்று படித்தால் பிள்ளைகள் எதை நினைப்பார்கள்?

அலைமொழி எழுதியது:
ஸ்பெர்ம் திமிங்கிலத்தை எப்படி எழுதப் போகிறீர்கள்? 'விந்துத் திமிங்கிலம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வகுப்பில் சிரித்தே முடிந்துவிடும். தலையில் இருக்கும் மெழுகெண்ணெயைப் பழைய வேட்டைக்காரர்கள் தவறாக எண்ணியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தத் தவறைத் தமிழிலும் சுமக்க வேண்டுமா? அம்பர் என்ற வாசனைப் பொருள் கிடைப்பது அதிலிருந்துதான், 'அம்பர்த் திமிங்கிலம்' என்போம்.

பழஞ்சுவடி எழுதியது:
அம்பர் அரபுச் சொல். திமிங்கிலமும் வடமொழி: திமி என்ற பெருமீனை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். இரண்டு அயற்சொல்லைச் சேர்த்துக் கலைச்சொல் செய்வதா?

வடகரை எழுதியது:
ஐயா, இங்கே பிள்ளைகள் அதை 'வால்' என்றுதான் சொல்கிறார்கள். நோர்வேஜிய மொழியில் திமிங்கிலத்தின் பெயர் காதில் அப்படித்தான் விழும். அது ஆழத்துக்குப் போகும்போது வாலை மேலே தூக்கும். 'வால் வாலைத் தூக்கியது' என்று ஒரு பிள்ளை எழுதித் தந்தது. திமிங்கிலமாவது தமிழாகத் தெரிகிறதே என்று நான் விட்டுவிட்டேன்.

நெய்தலான் எழுதியது:
ஆவிக்கு முன்னால் மூச்சைச் சேர்த்தால் பேய் போய்விடும்: மூச்சாவி. வாக்கியத்திலும் இயல்பாக வருகிறது. 'அம்பர்த் திமிங்கிலத்தின் மூச்சாவி நேரே எழாது. அதன் மூச்சுத்துளை தலையின் இடப்பக்கம் முன்னால் இருப்பதால் இடப்புறமாக முன்னோக்கிச் சாயும்.' தூரத்திலிருந்தே இனம் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி போதும்.

அலைமொழி எழுதியது:
மூச்சாவிக்கு என் வாக்கு.

கலவன் எழுதியது:
எனக்கும் சரி. படகில் எப்படியும் 'அங்கே!' என்றுதான் கத்துவார்கள்.

வடகரை எழுதியது:
மூச்சாவி, அம்பர்த் திமிங்கிலம், வெண்டலைப் புணரி, அணியம் நான்கையும் போட்டு இன்று இரவே அனுப்புகிறேன். தூம்புக்குப் பதில் மூச்சுத்துளை. அனைவருக்கும் நன்றி.

பழஞ்சுவடி எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். மூச்சு, ஆவி இரண்டும் ஒரே பொருள் தருபவை, ஒன்று மிகை. அடிக்குறிப்பிலாவது வெய்துயிர்ப்பு வர வேண்டும். முந்நீர் என்பது மூன்று நீரா, முன்னீரா என்பதை நாளை தனி இழையில் தொடங்குகிறேன்.