ஒரு கணக்குக்கு 54 விநாடி என்பது யார் வகுத்த எல்லை?

எண்சுவடி:
மலைக்கோட்டை27 நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் பொறுக்கவில்லை. "தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 180 நிமிடம். ஆகவே ஒரு கணக்குக்கு 54 விநாடிதான். அதற்குள் போட முடியாதவர்கள் விளக்கம் கேட்பதை நிறுத்திவிட்டுச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யட்டும்" என்று எழுதியிருக்கிறார். 10,800 விநாடியை 200ஆல் வகுத்தால் 54 வருவது உண்மை. ஆனால் அந்த 54ஐக் கணக்குப் பகுதியின் தலையில் கட்டுவது தவறு. தமிழில் 100 வினாக்களை வினாவுக்கு 30 விநாடி என்று முடித்தால் 50 நிமிடம் ஆகும். பொது அறிவில் 75 வினாக்களை 40 விநாடி வீதம் முடித்தால் இன்னொரு 50 நிமிடம் ஆகும். மீதியுள்ள 80 நிமிடத்தில், வட்டங்களை நிரப்பவும் சரிபார்க்கவும் 20 நிமிடத்தை ஒதுக்கினாலும், 25 கணக்குகளுக்கு முழுதாக ஒரு மணி நேரம் இருக்கிறது. அப்படியானால் ஒரு கணக்குக்கு 144 விநாடி. புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளை 54 என்று சொல்லி ஏன் அச்சுறுத்துகிறீர்கள்?

மலைக்கோட்டை27:
நான் யாரையும் அச்சுறுத்தவில்லை, உள்ளதைச் சொன்னேன். தமிழ்ப் பகுதியை 30 விநாடி வீதம் முடிப்பேன் என்பது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போடும் திட்டம். பொருத்துக வினாவும் கூற்று–காரண வினாவும் வந்தால் அந்த 30 எங்கே போகும்? 54 விநாடிக்குப் பழகியவன்தான் அறையில் பதறாமல் இருப்பான். இரண்டு ஆண்டுக்கான கூட்டுவட்டி, தனிவட்டி வித்தியாசமா? அசலை, வட்டி வீதத்தின் நூறில் ஒரு பங்கின் வர்க்கத்தால் பெருக்கு. 8,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு என்றால் 80 ரூபாய். பத்து விநாடியில் முடிந்தது.

எண்சுவடி:
அதே வினாவை மூன்று ஆண்டுக்குக் கேட்டால் என்ன செய்வீர்கள்? விடை 248 ரூபாய். உங்கள் சூத்திரத்தை மட்டும் நம்பி வந்தவர் 80 என்றோ, அதை ஒன்றரை மடங்காக்கி 120 என்றோ நிரப்பிவிட்டு, 54 விநாடிக்குள் முடித்த நிறைவோடு வீட்டுக்குப் போவார். முதலாண்டு வட்டியின் மேல் இரண்டாம் ஆண்டில் வட்டி ஏறுகிறது என்பதை ஒரு முறை கையால் எழுதிப் பார்த்தவருக்கு எத்தனை ஆண்டு கேட்டாலும் கவலையில்லை.

காலமும் வேலையும் அப்படித்தான். ஒருவர் 12 நாளிலும் மற்றொருவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தால் 7.2 நாள் என்று பெருக்கல் பலனைக் கூட்டல் பலனால் வகுத்துச் சொல்லிவிடலாம். மூன்று நாளில் முதலாமவர் விலகிவிட்டார், மற்றவருக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் அந்தச் சூத்திரம் அங்கேயே நின்றுவிடும். மீச்சிறு பொது மடங்கு 36ஐ மொத்த வேலையாக வைத்தால் ஒருவர் நாளொன்றுக்கு 3 பங்கு, மற்றவர் 2 பங்கு. மூன்று நாளில் 15 பங்கு முடிந்து மீதி 21. ஆகவே பத்தரை நாள். இதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகலாம், ஆகட்டும்.

மலைக்கோட்டை27:
"ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்" என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதாவது 54ஐத் தாண்டிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

வைகைக்கரை:
இருவரும் வெவ்வேறு தேர்வைப் பற்றிப் பேசுவதுபோல் தெரிகிறது. வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் 35 எண்ணியல் வினாக்களுக்கு 20 நிமிடம் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண்ணும் போகும். அங்கே சராசரி உண்மையான எல்லை. குரூப் 4இல் பகுதிவாரிப் பூட்டும் இல்லை, தவறுக்குக் கழிவும் இல்லை. எந்தத் தேர்வு என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

மலைக்கோட்டை27:
வங்கியில் 35 விநாடிகூடக் கிடைப்பதில்லை என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். 54 என்பது தாராளம்.

தமிழ்த்தடம்:
தமிழுக்கே 100 வினாக்கள் ஒதுக்கிய தேர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் "விநாடி" என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது. நாழிகை 24 நிமிடம். அதில் அறுபதில் ஒன்று விநாழிகை; அதன் மறுபெயர்தான் விநாடி, அதாவது 24 நொடி. நீங்கள் அளப்பது நொடியை.

எண்சுவடி:
ஐயா, நான் பள்ளிக் கணக்கில் படித்தது விநாடிதான், அதையே எழுதுகிறேன். சொல்லைத் திருத்துவதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே 54 என்ற எண்தான் பேச்சு.

தமிழ்த்தடம்:
சொல்லைப் பொருட்படுத்தாதவர் வினாவை எப்படிச் சரியாகப் படிப்பார்? பலர் கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை, "மேலும் எத்தனை நாள்" என்பதில் உள்ள "மேலும்" கண்ணில் படாமல் தோற்கிறார்கள்.

எண்சுவடி:
இது நல்ல கருத்து, ஆனால் என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. 54ஐ நினைத்துக்கொண்டு ஓடுகிறவர்தான் அந்த "மேலும்" என்ற சொல்லைத் தவறவிடுவார். மலைக்கோட்டை27 அவர்களே, சென்ற மாதம் பகடை வினாவில் நடந்ததை நான் மறக்கவில்லை. ஒரு படத்தில் 1, 2, 4. மற்றொரு படத்தில் 1, 3, 6. ஒன்றுக்கு எதிரே எது என்று ஒரு தங்கை கேட்டபோது, எதிர்ப்பக்கங்களின் கூட்டல் எப்போதும் 7, எனவே 6 என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த 6 இரண்டாம் படத்தில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது! விடை 5. அன்று உங்களுக்கு எத்தனை விநாடி ஆனது?

மலைக்கோட்டை27:
பழையதைத் தோண்டுவது விவாதம் ஆகாது. கடைத்தெருவில் விற்கும் பகடையில் கூட்டல் 7தான். நான் நான்கு முறை இந்தத் தேர்வை எழுதியவன்; அறைக்குள் கடிகாரம் ஓடும் ஓட்டம் எனக்குத் தெரியும்.

எண்சுவடி:
வினாத்தாளில் வரைந்த பகடை கடையில் வாங்கியதல்ல. நானும் எழுதியவன்தான். பயிற்சி மையம் ஒன்றில் ஆறு மாதம் நிறுத்துகடிகாரத்தை வைத்து 54, 54 என்று எங்களை விரட்டினார்கள். அந்தப் பழக்கத்தால் 2, 6, 12, 20, 30 என்ற எளிய தொடரில்கூட வித்தியாசங்களை எழுதிப் பார்க்காமல் 40 என்று நிரப்பினேன். வித்தியாசங்கள் 4, 6, 8, 10 என்று போவதால் அடுத்தது 12 கூடி 42 வரும். ஒன்றரை மதிப்பெண் போனது. பிறகு கடிகாரம் இல்லாமல் நாளொன்றுக்குப் பத்துக் கணக்குகளை இரண்டு வழிகளில் போட்டுப் பழகினேன்; வேகம் தானாக வந்தது.

மலைக்கோட்டை27:
வேகம் வந்தது என்றால் எவ்வளவு? 54க்குள்ளா, வெளியிலா?

எண்சுவடி:
சில 20 விநாடி, சில மூன்று நிமிடம்.

மலைக்கோட்டை27:
சராசரி?

எண்சுவடி:
சராசரியைக் கேட்காதீர்கள் என்றுதானே முதல் பதிவிலிருந்து சொல்லிவருகிறேன்.

வைகைக்கரை:
எந்தத் தேர்வு என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

மலைக்கோட்டை27:
10,800ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள், நண்பரே.