வேலை தேடுகிறேன் என்று வெளியே சொல்ல எனக்கு 8 மாதம் ஆனது

பள்ளி முடித்த கையோடு, மேலே படிக்க வழியில்லாமலோ விருப்பமில்லாமலோ நேராக வேலை தேடப் போனவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

கடைசித் தேர்வு முடிந்த மறுவாரமே விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டேன். அப்போது 18 வயது. மதிப்பெண் நன்றாக இருந்ததால் ஒரு மாதத்தில் ஏதாவது அமைந்துவிடும் என்று நம்பினேன். கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் ஒரே பயோடேட்டாவை அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. 'உங்களை எடுக்கவில்லை' என்று ஒரு வரி வந்தால்கூட மனதை ஆற்றிக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம், எதுவுமே வராமல் இருப்பதுதான் ஆளை அரித்துவிடுகிறது. புதியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று மேலே போட்டுவிட்டு, கீழே குறைந்தது 2 வருட அனுபவம் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். யாராவது முதல் வேலையைக் கொடுத்தால்தானே அந்த 2 வருடம் வரும்?

இதையெல்லாம் நான் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன், கூடப் படித்தவர்கள் கல்லூரியில் எடுத்த படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்போ என்ன பண்றே?" என்று யாராவது கேட்டால் "ஒரு கோர்ஸ் பார்த்துட்டிருக்கேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அப்புறம் அந்தக் கேள்வி வரும் இடங்களுக்கே போவதை நிறுத்திவிட்டேன்.

ஏமாந்ததும் அதனால்தான். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. நேர்காணலும் குறுஞ்செய்தியிலேயே முடிந்தது, 10 நிமிடத்தில் தேர்வாகிவிட்டேன் என்றார்கள். பதிவுக் கட்டணம் கேட்டார்கள், கட்டினேன். மறுநாள் பயிற்சிக்கு என்று இன்னொரு தொகை கேட்டார்கள். அப்போதுதான் அண்ணனிடம் சொன்னேன். அவன் செய்தியைப் படித்து முடிக்கக்கூட இல்லை, "வேலைக்குச் சேர்றதுக்கு நீ எதுக்குப் பணம் கட்டணும்?" என்று கேட்டான். முதல் நாளே கேட்டிருந்தால் அந்தப் பணம் என்னிடமே இருந்திருக்கும். வேலை வாங்கித் தரும் தனியார் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை 1997-லேயே பொது விதியாக வைத்திருக்கிறது. சில விலக்குகள் உண்டு, எல்லா நாடுகளும் அதை ஏற்கவும் இல்லை. ஆனாலும் யாராவது பணம் கேட்டால் அங்கேயே நின்று, வீட்டில் ஒருவரிடமாவது காட்டிவிடுங்கள்.

வேலை கிடைத்தது ஒரு நூலக வாசலில். அம்மாவோடு முன்பு வேலை பார்த்த ஒரு அக்கா, வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். வழக்கமான கேள்வியைக் கேட்டார். அன்று பொய் சொல்லத் தெம்பில்லை. "வேலை தேடிட்டிருக்கேன் அக்கா, 8 மாசமா ஒண்ணும் கிடைக்கலை" என்றேன். நாலாவது நாள் போன் செய்தார். அவருக்குத் தெரிந்த கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்கெடுக்க ஆள் தேவைப்பட்டது, அதற்கு விளம்பரமே போடவில்லை. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது அந்த அக்காதான் நினைவுக்கு வந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம் அவர் விசாரித்ததில், தகவல் சொன்னவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 6 பேரில் ஒருவர்தானாம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், எப்போதாவது பார்க்கிறவர்தான் நம் காதுக்கு வராத சேதியைக் கொண்டுவருகிறார்.

நேர்காணலில் மதிப்பெண் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "காலையில 6 மணி ஷிப்டுக்கு எப்படி வருவே?" என்றார் மேற்பார்வையாளர். முதல் பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்து என்ன வழி என்பதை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன், சொன்னேன். அவர் முகம் மாறியது அப்போதுதான். பள்ளி நூலகத்தில் புத்தகக் கணக்கெடுக்க உதவியதையும் சொன்னேன், அதுவரை அதை பயோடேட்டாவில் எழுதத் தோன்றியதே இல்லை.

முதல் 2 வாரம் பாதம் இரண்டும் வீங்கிவிட்டன, நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதைவிட, மாதச் சம்பளத்துக்கு ஒரு கணக்கு முடிக்கும் தேதி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அந்தத் தேதி தாண்டிச் சேர்ந்ததால் முதல் சம்பளம் கைக்கு வர 6 வாரம் ஆனது, அதுவரை போக்குவரத்துக்கு அண்ணன்தான் கொடுத்தான்.

பதில் 1

எனக்கு வேறு மாதிரி. பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் "ஒரு வாரம் வந்து பழகு, அப்புறம் பேசலாம்" என்றார்கள். 6 நாள் காலையிலிருந்து இரவு வரை வேலை செய்தேன். ஏழாம் நாள் ஆள் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், கையில் ஒன்றும் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னால் எதையும் கேட்க முடியவில்லை. அடுத்த இடத்தில் முதல் வார்த்தையே "பழகுற நாளுக்குச் சம்பளம் உண்டா சார்?" என்பதுதான். கேட்டால் துரத்திவிடுவார்கள் என்று பயந்தேன். உண்டு என்றார், தேதியும் தொகையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 4 வருடமாக அங்கேதான் இருக்கிறேன்.

பதில் 2

அக்கா, பள்ளி முடித்து 5 மாதம் ஆகிறது, நானும் கோர்ஸ் பார்க்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் யாரிடம் சொல்வது?

நான் எழுதியது

நாளைக்கு உன்னிடம் யார் கேட்கிறார்களோ அவரிடமே சொல்லு. என்ன வேலைக்குப் போக முடியும், எத்தனை மணிக்கு வர முடியும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடு, அவர் இன்னொருவரிடம் சொல்லும்போது அது தேவைப்படும்.