பாஃபின் விரிகுடாவில் பெரிய புள்ளி ட்ரவுட் சிக்கவில்லை

டெக்சாஸின் பாஃபின் விரிகுடாவில் மூன்று குளிர்காலமாகத் தூண்டில் போடுகிறேன். புள்ளி ட்ரவுட் என்ற கடல் மீன் 18 அங்குலத்தைத் தாண்டி ஒன்றுகூடச் சிக்கவில்லை. பக்கத்துப் படகுக்காரருக்கு மட்டும் 25 அங்குலம் வருகிறது.

விடியுமுன்பே இடுப்பளவு நீரில், புழுக்கூட்டுப் பாறைகளின் (கடல் புழுக்களின் பழைய கூடுகள் இறுகி உருவான திட்டுகள்) ஓரமாக இறங்கிவிடுகிறேன். ஏழடிக் கம்பு, 10 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, அதன் நுனியில் 20 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்புத் துண்டு. உயிர் இறால் போட்டால் பின்ஃபிஷ் என்ற சிறு மீன் கொத்தித் தலையை மட்டும் மிச்சம் வைக்கிறது. ரப்பர் மீன், மெதுவாக மூழ்கும் மடவை வடிவப் போலி இரை எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் நீர் 54 டிகிரி ஃபாரன்ஹீட். மடவைகள் காலடியில் துள்ளின. ஒரே ஒரு கனத்த இழுப்பு, உடனே நரம்பு தளர்ந்தது. ட்ரவுட்டுக்கு மெல்லிய வாய் என்று டிராக்கையும் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) தளர்த்தித்தான் வைத்திருந்தேன்.

இந்தக் குளிரில் பாறை ஓரத்தை விட்டு ஆழமான சேற்றுத் தரைக்கு நகர வேண்டுமா, அங்கேயே நின்று இன்னும் மெதுவாக இழுக்க வேண்டுமா?