தம்பியின் கைப்பயிற்சிக்கு ஆள் தேடுகிறேன்

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. மாடியிலிருந்து விழுந்த என் தம்பிக்குக் கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு அடிபட்டு 14 மாதம். மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தானாக மடங்கும். அதை வைத்தே கோப்பையைப் பிடித்துத் தேத்தண்ணி குடிக்கிறான். பாதி சாரத்தில் ஊற்றும், அது வேறு கதை.

கழுத்துத் தோலின் மேல் மின்தூண்டல் கொடுத்தபடியே கைப்பயிற்சி செய்யும் முறையை 60 பேரிடம் சோதித்து, பலருக்குக் கைப்பலம் கூடியதாக 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. அந்தக் கருவி இல்லாவிட்டாலும் பயிற்சியையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பார்க்கிறேன்.

ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? வெள்ளவத்தைக்கு வீடு வந்து செய்யும், தமிழ் பேசும் தெரபிஸ்ட் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம், ஏற்கனவே மூன்று போத்தல் கிடக்கிறது.