ஓவன் செத்துப்போச்சு, எலக்ட்ரிக் ரேஞ்ச் மாத்தணும் – மறுபடி கிளாஸ் டாப்பா, இண்டக்ஷனா? உதவுங்க

கேரிவாசி
வணக்கம் மக்களே. நார்த் கரோலினா கேரில இருக்கோம். 2010ல வாங்கின எலக்ட்ரிக் ரேஞ்ச், மேல கிளாஸ் டாப் கீழ ஓவன். அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்களே, அடுப்படியைப் பாத்து மூஞ்சி சுளிக்கக் கூடாதேன்னு போன சனிக்கிழமை செல்ஃப் கிளீன் பட்டனை (ஓவன் தானே பயங்கரமா சூடேறி உள்ள அழுக்கை எரிக்கறது) அமுக்கித் தொலைச்சேன், நாலு வருஷமா தொடாத பட்டன். ரெண்டு மணி நேரம் ஓடிச்சு, வீடெல்லாம் கருகல் வாசனை, ஸ்மோக் அலாரம் வேற கத்துச்சு, அப்புறம் டிஸ்ப்ளே பொசுக்குன்னு அணைஞ்சது. கதவு லாக் ஆனது ஆனதுதான். பிரேக்கரை பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி போட்டுப் பாத்தாச்சு, அசையல. மேல நாலு அடுப்பும் வேலை செய்யுது, ஓவன் மட்டும் பொணம்.

டெக்னீஷியன் வந்து எட்டிப் பாக்க 110 டாலர். கதவை எப்படியோ திறந்து குடுத்துட்டு, கன்ட்ரோல் போர்டு (ஓவனை ஓட்டற எலக்ட்ரானிக் பலகை) போச்சு, இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லன்னு சொல்லிட்டுப் போய்ட்டார். கிளாஸும் நல்லா இல்ல, பொங்கலன்னிக்கு சர்க்கரைப் பொங்கல் பொங்கி வழிஞ்சதை ஆறினப்புறம் சுரண்டினா கூடவே கண்ணாடியும் பேர்ந்து வந்து மிளகு சைசுல மூணு பள்ளம்.

கேஸ் லைன் கிடையாது. வீடு 1988ல கட்டினது. பட்ஜெட் 1500க்குள்ள. தினம் தோசை உண்டு, மாசத்துக்கு ரெண்டு தடவை கேக். அம்மா இரும்பு தோசைக்கல், அலுமினிய குக்கர், ஈயச் சொம்பு எல்லாம் சூட்கேஸ்ல கொண்டுவந்து இறக்கியிருக்காங்க. எது வாங்கினா பத்து வருஷம் உழைக்கும்?

ஒயர்மேன்
செல்ஃப் கிளீன்ல உள்ள கிட்டத்தட்ட 900 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் ஏறும் ப்ரோ. அந்த சூட்டுல மொதல்ல அடி வாங்குறது பின்பக்கம் இருக்கிற தெர்மல் ஃப்யூஸ், அடுத்து டோர் லாக் மோட்டார், அப்புறம் போர்டு. ஃப்யூஸ் மட்டும்னா கொஞ்சக் காசுல முடியுற வேலை. டெக்னீஷியன் மீட்டர் வச்சு பாத்தாரா இல்ல கண்ணால பாத்து சொன்னாரா? போர்டுன்னு உறுதியா தெரிஞ்சாலும் அதை கழட்டி பார்சல்ல அனுப்பினா ரிப்பேர் பண்ணி திருப்பி அனுப்புற ஆளுங்க இருக்காங்க, புதுசு கிடைக்கலன்னா எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. நீங்களே பின்பக்கத்தைக் கழட்டறதா இருந்தா பிரேக்கரை இறக்கிட்டு, பிளக்கையும் புடுங்கிட்டு அப்புறம் கைய வைங்க, உள்ள 240 வோல்ட்.

கேரிவாசி
மீட்டர் வச்சார் அண்ணே, ஃப்யூஸ் நல்லா இருக்கு. 15 வருஷத்து ரேஞ்சுக்கு மேல செலவு பண்ண மனசு வரல, கிளாஸ் வேற பள்ளம்.

ஏப்பம்_விடுபவன்
சர்க்கரை பாகு கிளாஸ் டாப்புக்கு எமன். மத்த குழம்பு ரசம் எது வழிஞ்சாலும் ஆறவிட்டு துடைக்கலாம், சர்க்கரை வெல்லம் மட்டும் சூடு இருக்கும்போதே அடுப்பை அணைச்சு பிளேடு ஸ்கிரேப்பரால தள்ளணும். ஆறும்போது பாகு சுருங்கி கண்ணாடியோட மேல்தோலையே பிச்சுக்கிட்டு வந்துடும். மேனுவல்லயே போட்டிருப்பான், யாரு படிக்கறா.

பேசாம காயில் அடுப்பு வாங்குங்க, அதான் சுருள் கம்பி சிவக்கற பழைய மாதிரி. அறுநூறு எழுநூறு டாலர்ல முடிஞ்சுடும், காயில் போனா இருபது முப்பது டாலர்ல இழுத்துப் போட்டு வேற சொருகலாம், டச் ஸ்கிரீனும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

மாவரைக்கும்_மாலா
மேல சொன்னவர் பழைய காயிலை நெனச்சு சொல்றார். 2018, 2019 வாக்குல பாதுகாப்பு விதி மாறினதுலேர்ந்து புது காயில் அடுப்புல நடுவுல ஒரு சென்சார் இருக்கும், எண்ணெய் தீப்பிடிக்கக் கூடாதுன்னு பாத்திரம் ரொம்ப சூடானா கரண்டை வெட்டி வெட்டி விடும். நல்ல விஷயம்தான், ஆனா தோசைக்கு? எங்க வீட்டுல மொத ரெண்டு தோசை முறுகலா வரும், மூணாவது ஊத்தும்போது அது கட் ஆகி கல் ஆறிடும், மாவு ஒட்டிக்கிட்டு பிய்யும். திரும்ப ஏறுற வரைக்கும் கரண்டியோட நிக்கணும். அடி லேசா வளைஞ்ச கல்லுன்னா இன்னும் மோசம். நாங்க ஒரு வருஷம் பொறுத்துட்டு வித்துட்டோம்.

ஸ்காபரோ_அக்கா
தம்பி, நாங்கள் இஞ்ச கனடாவில 2019 இல இண்டக்ஷன் ரேஞ்ச் வாங்கினனாங்கள், இண்டைக்கு வரைக்கும் ஒரு பழுதும் இல்லை. தண்ணி கொதிக்கிற வேகத்தைப் பாத்தா திரும்பிப் போக மனம் வராது. பால் பொங்கினாலும் அடுப்பில தீயிறேல்லை, ஒரு துணியால துடைச்சா சரி. ஆனா வாங்க முதல் ஒரு காந்தத்தை எடுத்து வீட்டில இருக்கிற சட்டி பானை எல்லாத்துக்கும் அடியில வைச்சுப் பாருங்கோ. ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாட்டி செய்யாது. புட்டு அவிக்கிற அலுமினியப் பானை, பொரிக்கிற தாச்சி (வாணலி) ரெண்டும் எங்களுக்குப் போச்சு. தாச்சி இரும்புதான், காந்தம் ஒட்டிச்சுது, ஆனா அடி உருண்டை எண்டபடியால் சரியாச் சூடாகேல்லை. எவர்சில்வர் எண்டு நம்பாதேங்கோ, ஊரில இருந்து வாற கனக்க எவர்சில்வருக்கு காந்தம் ஒட்டாது.

கேரிவாசி
அக்கா சொன்ன மாதிரி ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்துக்கிட்டு கெளம்பினேன். 26 பாத்திரம், ஒட்டினது 9. தோசைக்கல் கப்புன்னு புடிச்சுக்கிச்சு, அலுமினிய குக்கர் ஊஹூம். "என்னடா பாத்திரத்துக்கெல்லாம் ஸ்டெதஸ்கோப் வைக்கிற"ன்னு அம்மா சிரிக்கறாங்க.

ஏப்பம்_விடுபவன்
ஒட்டாத பாத்திரத்துக்கு இண்டக்ஷன் டிஸ்க்னு ஒரு தட்டு விக்கிறாங்க, அதை அடியில வச்சுக்கலாமே.

மாவரைக்கும்_மாலா
ஐயோ ஈயச் சொம்பை அது மேல வச்சுடாதீங்க! நம்ம ஈயச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். கேஸ்லயே ரசத்தை ஊத்தாம அடுப்புல ஏத்தக் கூடாதுன்னு பாட்டி கத்துவாங்க. அந்த டிஸ்க் எவ்ளோ சூடாகுதுன்னு வெளிய தெரியாது, ரசம் சுண்டிப் போனா சொம்பும் சேர்ந்து போகும். ரசத்தை வேற பாத்திரத்துல வச்சு கடைசில சொம்புல ஊத்திக்கோங்க.

மேல அடுப்பு இன்னும் ஓடுதுல்ல, அப்ப அவசரமே இல்லயே? சாதா 120 வோல்ட் பிளக்குல ஓடுற 1800 வாட்ஸ் ஒத்தை இண்டக்ஷன் அடுப்பு எழுபது எண்பது டாலருக்கு வரும், அதுல ரெண்டு வாரம் அம்மாவை சமைக்க விடுங்க. புடிக்கலன்னா எழுபதோட போச்சு. இரும்புக் கல்லை எடுத்தவுடனே ஹைல வைக்காதீங்க, கண்ணாடிக்கு அடியில இருக்கிற காயிலுக்கு நேரா வர்ற நடுப்பகுதி மட்டும் பழுத்துட்டு ஓரம் பச்சையா இருக்கும். நாலாம் நம்பர்ல அஞ்சாறு நிமிஷம் விட்டு அப்புறம் ஏத்துங்க. ரேஞ்ச் வாங்கும்போதும் 11 இன்ச் வட்டம் ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க.

ஒயர்மேன்
வீடு 1988ன்னா அடுப்புக்குப் பின்னாடி மூணு முள் அவுட்லெட்டா இருக்க நெறைய சான்ஸ், 1996 எலக்ட்ரிகல் கோட் (வயரிங் விதி) வந்ததுலேர்ந்துதான் புது லைனுக்கு நாலு முள். பழைய அவுட்லெட் நல்லா இருந்தா மூணு முள் கார்டே (பவர் ஒயர்) மாட்டலாம். கார்டு ரேஞ்சோட வராது, தனியா வாங்கணும். மாட்டும்போது பின்னாடி நியூட்ரலையும் பாடியையும் இணைக்கிற ஒரு சின்ன தகடு இருக்கும், மூணு முள்ளுன்னா அது இருக்கணும், நாலு முள்ளுன்னா கழட்டிடணும். டெலிவரி பசங்க அவசரத்துல இதைத்தான் கோட்டை விடுவாங்க, பக்கத்துல நின்னு பாருங்க. பிரேக்கர் 40 ஆம்பா 50 ஆம்பான்னு பாத்துட்டு அதுக்கேத்த மாடல் எடுங்க. ஆன்டி டிப் பிராக்கெட்டையும் போடச் சொல்லுங்க, ஓவன் கதவைத் திறந்து கொழந்த மேல ஏறி நின்னா முழு ரேஞ்சும் முன்னால சாயும், அடுப்புல கொதிக்கிற சாம்பாரோட.

கேரிவாசி
பிராண்ட் எது அண்ணே? கடையில ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான்.

ஒயர்மேன்
பேரைப் பாத்து ஏமாறாதீங்க. மேடாக், அமானா, கிச்சன்எய்ட் எல்லாம் வேர்ல்பூல் குடும்பம்தான், ஃப்ரிஜிடேர் எலக்ட்ரோலக்ஸோடது, ஜிஇ அடுப்பு பிசினஸ் 2016லயே ஹையர் கைக்குப் போயிடுச்சு. நான் பாக்குறது ரெண்டே விஷயம். உங்க ஜிப் கோட்ல அந்த பிராண்டுக்கு வாரன்ட்டி வேலை பார்க்க ஆள் உண்டா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி போன் போட்டு கேளுங்க. அடுப்புக்கு திருகுற நாப் இருக்கா, இண்டக்ஷன்லயும் நாப் வச்சது வருது. வைஃபை, ஏர் ஃப்ரை, கேமரான்னு ஏத்த ஏத்த போர்டுதான் பெருசாகுது, உங்க கதை அங்கதானே ஆரம்பிச்சுது. செல்ஃப் கிளீன் இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீங்க, பேக்கிங் சோடா குழைச்சு ராத்திரி பூசிட்டு காலைல துடைங்க. கேக்குக்கு பத்து டாலர் ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள தொங்கவிடுங்க, டிஸ்ப்ளே 350 காட்டும் உள்ள 325 இருக்கும், செட்டிங்ஸ்ல ஏத்தி இறக்கிக்கலாம்.

கேரிவாசி (மூணு வாரம் கழிச்சு)
அப்டேட் மக்களே. ஒத்தை இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் குடுத்தேன். மொத நாள் "நெருப்பே இல்லாம என்னடா சமையல்"னு அம்மா தொடவே இல்ல. நாலாவது நாள் பாத்தா காபிக்கு பால் அதுலதான் வைக்கறாங்க. சுட்ட கத்திரிக்காய்க்கு மட்டும் முகம் தொங்கிடுச்சு, அதுக்கு ஓவன் பிராய்லர்ல (மேலேர்ந்து சூடு அடிக்கறது) வச்சு தோலைக் கருக்கிக்கலாம்னு சொல்லி சமாதானம் பண்ணியிருக்கேன்.

நேத்து ரேஞ்ச் வந்துச்சு, நாப் வச்ச இண்டக்ஷன், ஆஃபர்ல 1340, கார்டு தனியா 32. அவுட்லெட் மூணு முள்ளுதான், தகடு இருக்கான்னு கேட்டதும் டெலிவரி ஆள் என்னை ஏற இறங்க பாத்தான், ஆனா பின்பக்கத்தை திறந்து காட்டிட்டான், இருந்துச்சு. பிராக்கெட் டப்பாவுல இருந்ததை விட்டுட்டு கெளம்பப் பாத்தான், கூப்பிட்டு போடச் சொன்னேன். ஒரே குறை, அடி மெலிசான வாணலி வச்சா வண்டு மாதிரி உய்ய்னு சத்தம் வருது, கனமான பாத்திரத்துக்கு இல்ல, இது நார்மல்தானே? தோசை நல்லா வருது, ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பு.

ஸ்காபரோ_அக்கா
ஓம் தம்பி, மெல்லிசுச் சட்டிக்கு அப்பிடித்தான் கத்தும். ரெண்டு நம்பர் குறைச்சு வையுங்கோ.

கேரிவாசி
நன்றி அக்கா. அலுமினிய குக்கருக்கு பதிலா அடி தட்டையான ஸ்டீல் குக்கர், காந்தம் வச்சு பாத்துட்டுத்தான் வாங்கினேன். ஈயச் சொம்பு இப்போதைக்கு சுண்டல் வைக்கற கிண்ணமா டேபிள்ல உக்காந்திருக்கு, திரும்பிப் போகும்போது கையோட எடுத்துட்டுப் போயிடுவாங்களாம், "உங்கிட்ட விட்டுட்டுப் போனா என்னிக்காவது அடுப்புல வச்சு உருக்கிடுவே"ங்கறாங்க.