கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வக்கீலுக்கு இப்போதே 25 ஆயிரம் கொடுக்கலாமா?

சக்_கீ, கோவை (2024 ஜூன் 23)

கணபதி பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 2013 மார்ச்சில் சேர்ந்தேன். சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஆபரேட்டர். இரண்டு வருடமாக அடையாள அட்டையில் 'லைன் இன்சார்ஜ்' என்று போட்டிருக்கிறார்கள். பேர்தான் ஏறியது, சம்பளம் ஏறவில்லை. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 16,900.

மே கடைசியில், நைட் ஷிஃப்டில் டூலைத் தாங்கும் டர்ரெட் போய், பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் இடித்துவிட்டது. டூல் எங்கே நிற்க வேண்டும் என்ற அளவை (ஆஃப்செட்டை) மாற்றியது முந்தின ஷிஃப்ட். பட்டனை அழுத்தியது நான்.

ஜூன் 12 அன்று எச்.ஆர். கூப்பிட்டு, டைப் அடித்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடு, பி.எஃப். சிக்கலில்லாமல் வந்துவிடும். கிராஜுவிட்டி மெஷின் ரிப்பேருக்குச் சரியாகப் போச்சு" என்றார். நான் போடவில்லை. மறுநாள் காலையில் பஞ்சிங் மெஷின் என் விரலை எடுக்கவில்லை. பதினோரு வருடமாக டீ வாங்கிக் கொடுத்துப் பழகிய வாட்ச்மேன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றார். மெமோ இல்லை, ஆர்டர் இல்லை, ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை.

மச்சான் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனார். முன்பணம் 25,000, அப்புறம் வருகிற தொகையில் 20 சதவீதம் கேட்கிறார். வீட்டில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள். கொடுக்கலாமா?

மெரூன்_ஹெல்மெட்

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கம்பெனி பாருங்கள் பிரதர். சிஎன்சி ஆளுக்கு இந்த ஊரில் வேலைக்கா பஞ்சம்? கோர்ட்டுக்குப் போனால் பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துவிடும்.

பழைய_ஸ்பின்னர்

மேலே சொன்ன தம்பிக்குக் கோபம் இல்லாமல் ஒன்று சொல்கிறேன். வேறு வேலை தேடட்டும், தப்பில்லை. கையெழுத்து மட்டும் கூடாது. எங்கள் மில்லில் அப்படிப் போட்டவர்கள் பிறகு "மிரட்டி வாங்கினார்கள்" என்று நிரூபிக்கப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். என் சொந்த வழக்கு ஒன்பது வருடம் நடந்தது, ஜெயித்தேன். அந்த ஒன்பது வருடத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

தம்பி, வளையலை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். முதல் படியில் வக்கீலுக்கு இடமே இல்லை. இப்போது (2024) நடப்பில் உள்ள தொழில் தகராறுகள் சட்டம், 1947, பிரிவு 36 படி சமரசப் பேச்சில் இரண்டு தரப்புக்கும் வக்கீல் ஆஜராக முடியாது. தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியிடம் 2ஏ மனு (வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்த்து அதே சட்டத்தின் 2ஏ பிரிவில் தொழிலாளி தானே கொடுக்கும் மனு) கொடுக்க ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். எப்போது சேர்ந்தேன், என்ன சம்பளம், எந்தத் தேதியில் எப்படி நிறுத்தினார்கள், திரும்ப வேலை வேண்டும். இவ்வளவுதான். மனு கொடுத்து 45 நாளில் முடியாவிட்டால் நீங்களே நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இப்போதைய (2024) சட்டப்படி, வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும்.

அதற்கும் முன்னால், நாளைக் காலையில் தபாலாபீஸ் போங்கள். இப்போது எந்த ஆர்டரும் தராமல் வெளியே நிறுத்தியிருக்கிறார்களே, அது ஏன் தெரியுமா? ஒரு மாதம் கழித்து "அவராகவே வேலைக்கு வரவில்லை" என்று எழுதுவார்கள். எனக்கும் அதைத்தான் எழுதினார்கள். "13ஆம் தேதி வந்தேன், கேட்டில் மறுத்தீர்கள், இன்றைக்கும் வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் கவரைப் பிரிக்காதீர்கள். என் வழக்கில் அந்தப் பிரிக்காத கவர்தான் பேசியது.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, அவர்கள் வீட்டுப் பணம் இல்லை. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கணக்கு, 16,900ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 650. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதை 15ஆல் பெருக்கினால் 9,750. பதினோரு வருடத்துக்கு 1,07,250 ரூபாய். கவனக்குறைவால் நஷ்டம் என்று சொல்லிப் பிடிப்பதானால், அந்தக் காரணத்துக்காகவே முறைப்படி வேலைநீக்கம் செய்திருக்க வேண்டும். அப்போதும் நஷ்டத்தின் அளவுக்குத்தான். விசாரணையும் இல்லாமல் ஆர்டரும் இல்லாமல் "சரியாகப் போச்சு" என்று வாயால் கழிக்க முடியாது.

ஒன்று மட்டும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அந்த வேலை வேண்டுமா, கணக்கு முடித்துப் பணம் வேண்டுமா? இரண்டுக்கும் பாதை வேறு. சமரச மேசையில் முதலாளி தரப்பு அதைத்தான் மோப்பம் பிடிக்கப் பார்க்கும்.

வராந்தா_ஜூனியர்

பெரியவர் சொன்னதோடு சிலது. நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் சொல்லக் கொஞ்சம் சங்கடம். வருகிற தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஃபீஸ் கேட்கலாம், பங்கு கேட்கக் கூடாது. அந்த வக்கீலிடம் சண்டை வேண்டாம், வேறு ஆள் பாருங்கள் சார். தொழிலாளர் வழக்கு மட்டுமே நடத்துகிறவராகப் பாருங்கள். முதல் சந்திப்பில் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்காமல் "ஜெயித்துவிடலாம்" என்கிறவரிடம் உட்காராதீர்கள்.

நீதிமன்றக் கட்டத்தில் வக்கீல் வேண்டும். அங்கேயும் எதிர்த்தரப்புச் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் தேவை. கம்பெனி தன் வக்கீலோடு வருவதால் நடைமுறையில் அது பெரிய தடையாவதில்லை. காசு இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு கொடுங்கள். 1987 சட்டத்தில் இலவச உதவி பெறுகிறவர்கள் பட்டியலில் ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார். 15100க்கு அழைத்தும் கேட்கலாம்.

எனக்கு உறுத்துவது அந்த 'இன்சார்ஜ்' அட்டை. நீங்கள் மேற்பார்வையாளர், தொழிலாளியே இல்லை என்று வாதிடுவார்கள். பதவிப் பேரை விட, செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் மெஷினில் நின்றதைக் காட்டும் உற்பத்திச் சீட்டு, ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுச் செய்திகள் எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்குள் செய்யுங்கள். பி.எஃப். தளத்தில் வேலை விட்ட தேதி, காரணம் ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சக்_கீ (2024 ஜூலை 9)

எல்லோருக்கும் நன்றிங்க. பதிவுத் தபால் போன வாரம் திரும்பி வந்தது, 'பெற மறுப்பு' என்று எழுதி. பிரிக்கவில்லை, பீரோவில் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள், அதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லாம் எடுத்துவிட்டேன். பி.எஃப். தளத்தில் இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை.

2ஏ மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. மகள் படித்துப் பார்த்து இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினாள். வேலை வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். பெரியவர் கேட்டதற்கு வீட்டிலும் அதே பதில்தான். 18ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய_ஸ்பின்னர் ஐயா, அன்றைக்கு ஊரில் இருக்கிறீர்களா?

பழைய_ஸ்பின்னர்

இருக்கிறேன். பத்தரைக்கு வந்துவிடுகிறேன். அசல் எதையும் அங்கே கொடுத்துவிடாதே, மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா.