புதுப்பிப்பு: சிறுநீரக நோயில் எல்டிஎல் அளவை மட்டும் பார்த்தால் போதுமா?

சிறுநீரக நோயாளிக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 100 வந்தால் கவலை குறைவு என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது அரைகுறை. திருத்திக்கொள்கிறேன்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 32, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 290. பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போடுகின்றன: 190 − 32 − (290 ÷ 5) = 100. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்தால் 158. 100-க்கும் 158-க்கும் இடையிலான இந்த 58 வித்தியாசம்தான் விஷயமே. சிறுநீரகம் தளரும்போது டிரைகிளிசரைடை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி மந்தமாகிறது. டிரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களின் பாதி கரைந்த மிச்சங்கள் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. அவையும் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது.

சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகும் நெஃப்ராடிக் நிலை வேறு கதை. அங்கே எல்டிஎல்லே எகிறும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கான ரத்தத்தை டயாலிசிஸுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் ஏறியதும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி ரத்தத்தில் கலந்து, டிரைகிளிசரைடைப் பொய்யாக இறக்கிக் காட்டும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கேடிகோ (KDIGO) என்ற சர்வதேசச் சிறுநீரக நோய் அமைப்பின் 2013 வழிகாட்டுதல்படி, டயாலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே எடுப்பவர் தொடரலாம். அட்டார்வாஸ்டாடினுக்குச் சிறுநீரகத்துக்காக டோஸ் குறைக்க வேண்டியதில்லை. ரோசுவாஸ்டாடின் அப்படியல்ல: கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கான அளவு) 30-க்குக் கீழே, டயாலிசிஸ் இல்லாதவருக்கு 5 மி.கி.யில் தொடங்கி 10-ஐத் தாண்டக்கூடாது. டிரைகிளிசரைடைக் குறைக்கத் தரும் ஃபீனோஃபைப்ரேட் மருந்து, ரத்தத்தில் கிரியாட்டினினை ஏற்றிக் காட்டும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.